இரும்புக் கதவு அட்ஜஸ்ட் ஆகாது

போன வாரம் டேரில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனானே, அப்போதிலிருந்து ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. குளோரியாவுக்கு மட்டும் இறங்கியது. அவளுக்கு எப்போதும் இறங்கும்.

என்ன வார்த்தை என்கிறீர்களா? இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். "மம்மி, இந்த வாட்டி நீங்களும் அத்தையும் வேணாம். நாங்க ரெண்டு பேரும் போய் ஷெர்வின் வாசிக்கறதை வீடியோ எடுத்துட்டு வரோம்."

வீடியோவாம்! பெற்ற பிள்ளையை வீடியோவில் பார்க்கக் கப்பல் எதற்கு? கையில் இருக்கிற செல்போன் போதாதா?

ஷெர்வின் ஜோசஃபினின் இளைய மகன். சென்னையிலிருந்து கிளம்பி இலங்கைப் பக்கம் போய்த் திரும்புகிற உல்லாசக் கப்பலில் கிட்டார் வாசிக்கிறான். இந்த சீசனோடு அந்தக் கப்பல் ஐரோப்பா பக்கம் போய்விடுகிறது. அவனும் அதோடு போகிறான். அடுத்த மாதப் பயணம்தான் நம் கடலில் கடைசி. அவன் மேடையில் வாசிப்பதை அம்மா ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றால், அது இப்போதுதான். அதை விட்டால் எப்போது என்று அவனுக்கே தெரியாது.

ஜோசஃபின் சும்மா அம்மா இல்லை. பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் பி.டி. மிஸ்ஸாக இருந்தவள். விசில் ஊதினால் எதிர்த் தெருவில் ஆட்டோ நிற்கும். ரிட்டயர் ஆன மறு வருஷம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் பேட்டரி ஸ்கூட்டர்தான். நாலு சக்கரம், ஒரு சீட்டு, பிடித்துக்கொள்ள ஒரு ஹேண்டில். நீல நிறம்.

குளோரியா, ஜோசஃபினின் மறைந்த கணவருக்குத் தங்கை. சின்ன வயதிலேயே போலியோ. காலில் இரும்பும் தோலும் கட்டிக்கொண்டே டெலிபோன்ஸில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனாள். அவளுடைய ஸ்கூட்டர் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியும் நாத்தனாரும் நீலமும் சிவப்புமாகப் பக்கத்தில் பக்கத்தில் சர்ச்சுக்குப் போகும்போது பின்னால் ஹார்ன் அடிக்க ஒருத்தனுக்கும் தைரியம் வராது.

இந்த இரண்டு பேரைத்தான் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றான் மூத்த மகன் டேரில். அவன் கெட்டவன் இல்லை. யோசிக்காதவன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது தெரியாது.

சனிக்கிழமை காலை அவன் கீழே இறங்கி வந்தான். பின்னாலேயே அவன் மனைவி சிந்தியா, கையில் காபி டம்ளரோடு. ராத்திரி மேலே ஒரு சண்டை நடந்திருக்கிறது என்பது அவள் டம்ளரை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

"மம்மி, கோவமா?"

"கோவம் என்ன கோவம். உக்காரு. முதல்ல இருந்து சொல்லு. என்னதான் ஆச்சு?"

டேரில் தலையைச் சொறிந்தான். "நான் டிராவல்ஸ் ராஜமாணிக்கம் சார்கிட்ட ரெண்டு பால்கனி ரூம் போடச் சொன்னேன். ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு உங்களுக்கு. அப்படியே, 'வழக்கம் போல வீல்சேர் போட்ருங்க சார்'னு சொன்னேன்."

வழக்கம் போல! இந்த வழக்கம் என்னவென்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற அப்பா அம்மா எல்லாருக்கும் ஏர்போர்ட்டில் வீல்சேர் போடுகிறோமே, அதுதான். ரஸ்ஸல் மார்க்கெட்டில் இரண்டு கையிலும் பை தூக்கிக்கொண்டு நடக்கிற மனிதர், ஏர்போர்ட் வாசலில் வீல்சேரில் சாய்ந்துகொள்வார். க்யூ இல்லை, அலைச்சல் இல்லை, தள்ளிக்கொண்டு போக ஒரு ஆள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

"கப்பல்ல அப்படி இல்லையாம் மம்மி. வீல்சேர் போட்டா, ஏறும்போது ஒரு ஆள் வந்து தள்ளுவான். அவ்வளவுதான். ரூம் சாதா ரூம். போன வாரம் கம்பெனிலருந்து மெயில் வந்துச்சு. ரூம் கதவு ரெண்டடிக்கும் கம்மி. ஸ்கூட்டரைக் காரிடார்ல விடக்கூடாதாம், உள்ளதான் வெக்கணுமாம். கதவுல நுழையாததை எப்படி உள்ள வெக்கறது?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ண மாட்டாங்களா?" என்றாள் குளோரியா, இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி.

"இரும்புக் கதவு அத்தை. அது எப்படி அட்ஜஸ்ட் ஆகும்?"

இந்த ஊரில் பஸ் சீட்டு அட்ஜஸ்ட் ஆகும், பார்க்கிங் அட்ஜஸ்ட் ஆகும், கல்யாண மண்டபத்தில் தேதிகூட அட்ஜஸ்ட் ஆகும். இரும்புக் கதவு ஆகாது. அது வாஸ்தவம்தான்.

"ஸ்கூட்டரை வீட்ல விட்டுட்டு வாங்க" என்றான் டேரில். "கப்பல்ல வீல்சேர் தருவாங்க. நானும் சிந்தியாவும் மாத்தி மாத்தித் தள்றோம்னு சொன்னேன். அதுக்கும் நீங்க மாட்டேன்னுட்டீங்க."

"மாட்டேன்தான்." ஜோசஃபின் குரலை உயர்த்தவில்லை. "ஆஸ்பத்திரிலருந்து வந்தப்ப ஆறு மாசம் என்னைத் தள்ளினீங்க. நான் எங்க பாக்கணுமோ அங்க நீங்க நிறுத்தல. நீங்க எங்க நிறுத்தினீங்களோ அதைத்தான் நான் பாத்தேன். செவுத்தைப் பாத்து நிறுத்திட்டு போன் பேசப் போயிடுவ நீ. ஞாபகம் இருக்கா?"

டேரில் போனில் மணியைப் பார்த்தான்.

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பேரைச் சொல்லணும் மம்மி. மாத்தறதா இருந்தாலும், விடறதா இருந்தாலும். அதான்..."

"சாயங்காலம்தானே?" ஜோசஃபின் ஸ்கூட்டரைத் திருப்பினாள். "சிந்தியா, ஸ்டோர் ரூம்ல சுண்ணாம்புப் பொடி மூட்டை இருக்கு பாரு. அதையும் பால்பவுடர் டின்னையும் எடுத்துட்டு வா. மெயில்ல ரூம் படம் இருக்கா? அதை குளோரியா போனுக்கு அனுப்பு."

"எதுக்கு மம்மி?"

"கிரவுண்டுக்குப் போறேன்."

*

வருஷா வருஷம் சர்ச் ஸ்போர்ட்ஸ் டேக்கு மைதானத்தில் கோடு போடுவது ஜோசஃபின் மிஸ்தான். அதனால்தான் வீட்டில் சுண்ணாம்புப் பொடி. முன்பெல்லாம் குனிந்து, கயிறு பிடித்து, பின்னாலேயே நடந்து கோடு போடுவாள். இடுப்பு போன பிறகு வேறு வழி கண்டுபிடித்தாள். டின்னின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டு, ஸ்கூட்டருக்குப் பின்னால் கம்பியில் தொங்கவிட்டுவிடுவாள். வண்டி போகப் போகக் கோடு விழும். நிஜத்தில் முன்னைவிட நேராகவே விழுகிறது.

சர்ச் காம்பவுண்டில் அப்போது கொயர் பிராக்டீஸ். சுண்ணாம்பு டின்னோடு நீல ஸ்கூட்டர் உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் பாட்டை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். மீதிப் பேர் அவர்களைக் கூப்பிட வந்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

குளோரியா போனைப் பார்த்து அளவு சொன்னாள். சிந்தியா டேப்பைப் பிடித்தாள். ஜோசஃபின் ஓட்டினாள்.

"இது ரூம் செவுரு. இது பாத்ரூம். இங்க கட்டில். அங்க சோபா" என்று குளோரியா சொல்லச் சொல்ல, வேப்பமரத்தடியில் தரையில் ஒரு கப்பல் அறை முளைத்தது. கோடு பேசாது, யாரும் அதைத் தாண்டிப் போகலாம் என்பதால், கோட்டின் மேல் பாரிஷ் ஹால் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக அடுக்கினார்கள். கதவுக்கு மட்டும் இடைவெளி. கட்டிலுக்கு இரண்டு பெஞ்சு.

டேரில் பைக்கில் வந்து இறங்கினான். "மம்மி, எல்லாரும் பாக்கறாங்க. என்ன இது?"

"உன் பால்கனி ரூம்." ஜோசஃபின் ஊன்றுகோலைப் பிடித்து மெதுவாக இறங்கி, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஏறு."

"என்னது?"

"என் ஸ்கூட்டர்ல ஏறு. உள்ள போய் கட்டிலைத் தொட்டுட்டு, திரும்பி, பாத்ரூம் போய், வெளிய வா. அவ்வளவுதான். சின்னப் பிள்ளைங்க செய்யற வேலை."

டேரில் நல்ல ஆகிருதி. சாப்ட்வேர் கம்பெனி நாற்காலி கொடுத்த ஆகிருதி. ஏறி உட்கார்ந்ததும் கொயரில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கதவு இடைவெளியில் நுழைந்ததுமே இரண்டு பக்கமும் நாற்காலி சாய்ந்தது.

"கதவு போச்சு" என்றாள் குளோரியா. "பரவால்ல, கதவு அகலமா இருக்குன்னே வெச்சுக்குவோம். மேல போ."

உள்ளே போனான். கட்டிலைத் தொட்டான். திரும்பப் பார்த்தான். முன் சக்கரம் சோபாவில் இடித்தது. பின்னால் எடுத்தான், பெஞ்சு. முன்னால் எடுத்தான், மறுபடி சோபா. நாலு தடவை முன்னும் பின்னும் போய் வந்த பிறகு அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ரிவர்ஸிலேயே வெளியே வந்தான். வருகிற வழியில் பாத்ரூம் சுவர் மொத்தமும் தடதடவென்று விழுந்தது. கொயர் கைதட்டியது.

டேரில் இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"மம்மி... வெளிய போனா தினமும் இப்படித்தானா?"

"வீட்டைத் தவிர எல்லா இடமும் இப்படித்தான்டா. பேங்க்கு, பேக்கரி, உன் சித்தப்பா வீடு, எல்லாம். நம்ம வீட்லதான் உங்கப்பா கதவெல்லாம் அகலமா வெச்சாரு, பியானோ உள்ள வரணும்னு. பியானோ வாங்கவே இல்ல. எனக்குத்தான் உதவுச்சு."

டேரிலின் முகம் சுருங்கிப் போயிற்று. "வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாது மம்மி. எனக்குத் தெரியல."

"தெரியலன்னா கேக்கணும். ஓடிப் போகக் கூடாது." சொல்லிவிட்டு ஜோசஃபின் அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. மகன் தன் இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டான், அதுவே அவளுக்குப் பாதிக் கப்பல் ஏறின மாதிரி இருந்தது.

"என்ன கேக்கணும்னு சொல்லுங்க. நானே கம்பெனிக்குப் போன் பண்றேன்."

"நீ பண்ணா 'ஓகே, தேங்க்யூ'ன்னு சொல்லிட்டு வெச்சுடுவ" என்றாள் குளோரியா. "குடு இப்படி."

*

குளோரியா போனில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? வீட்டில் அவள் குரல் பாத்திரம் விழுகிற சத்தம். போனைக் காதில் வைத்ததும் அது தேனாகிவிடும். அந்தக் காலத்து ட்ரங்க் கால் குரல். எதிர்முனையில் இருப்பவர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்காருவார்.

ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, பாட்டைக் கேளு என்று கம்பெனி போன் நேரத்தைத் தின்றது. குளோரியா அசரவில்லை. லைனில் காத்திருக்க வைப்பதே ஒரு காலத்தில் அவள் உத்தியோகம். கடைசியில் ரக்ஷிதா என்று ஒரு பெண் வந்தாள். இரண்டே வாக்கியம் இங்கிலீஷ். ரக்ஷிதாவின் உச்சரிப்பில் மைசூர் வாடை அடித்ததும் குளோரியா கன்னடத்துக்குத் தாவிவிட்டாள். "ஏனம்மா, ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்று இந்த ஊரில் யார் கேட்டாலும் எந்தக் கதவும் ஒரு சாண் திறக்கும். இரும்புக் கதவுகூட.

ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கேள்விகளை எடுத்து விட்டாள். கதவு அகலமாக இருக்கிற ரூம் உண்டா? உள்ளே வண்டி ஒரு சுற்று திரும்புமா? பாத்ரூம் வாசலில் படி இருக்கிறதா, தரை சமமா? பால்கனிக்குப் போகிற இடத்தில் தடுக்குமா? கட்டில் பக்கத்தில் வண்டிக்கு சார்ஜ் போட ப்ளக் உண்டா? லிப்ட்டிலிருந்து எவ்வளவு தூரம்? தூரமாக இருந்தால் சாப்பிடப் போய் வருவதற்குள் பாதி பேட்டரி தீர்ந்துவிடுமே!

கேட்கக் கேட்க டேரிலின் வாய் பிளந்தது. இதில் ஒன்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அவன் பார்த்ததெல்லாம் பால்கனியில் கடல் தெரியுமா என்பதுதான்.

ரக்ஷிதா பொறுமையாகப் பதில் சொன்னாள். அப்படி ரூம் உண்டு. வண்டி வைத்திருப்பவர்களுக்கென்றே கட்டினது. கதவு அகலம், தரை சமம், லிப்ட்டுக்குப் பக்கம். பால்கனிக்கு ஒரு சின்னச் சாய்வுப் பலகை போடுவார்கள். "ஒன்று மட்டும் மேடம். நடுவில் ஒரு ஊரில் சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அதில் ஸ்கூட்டர் ஏறாது."

"நான் கரைக்குப் போகவா வரேன்?" என்றாள் ஜோசஃபின் இங்கிருந்து. "என் பிள்ளையைப் பாக்க வரேன்."

"சரி, அந்த ரூமைப் போடும்மா" என்றாள் குளோரியா.

"அதுதான் மேடம் பிரச்சினை. மொத்தமே கொஞ்சம் ரூம்தான். எல்லாம் போய்விட்டது."

ஜன்னலில் இருந்த கொயர் இன்னும் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது. சிந்தியா மாமியாரின் தோளில் கை வைத்தாள். ஜோசஃபின் தரையில் இருந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு செய்தும் வீடியோதானா?

"ஒரு நிமிடம் மேடம்" என்றாள் ரக்ஷிதா. கீபோர்ட் சத்தம் கேட்டது. "ஒரு ரூம் உங்கள் ஏஜென்ட் மூலமாகவே போயிருக்கிறது. வீல்சேர் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் என்ன வண்டி, என்ன அளவு என்று கேட்டதற்கு இன்னும் பதிலே வரவில்லை. யார் என்று நான் சொல்லக் கூடாது. உங்கள் ஏஜென்ட்டையே கேளுங்கள். அவர் விட்டுக் கொடுத்தால் மாற்றித் தருகிறேன்." தன்னுடைய நேர் நம்பரையும் கொடுத்தாள்.

சமயம் பார்த்து வருவார்கள் என்பார்களே, அப்படி கேட்டுக்குள் நுழைந்தார் ராஜமாணிக்கம். ஆஸ்டின் டவுனில் டிராவல்ஸ் வைத்திருப்பவர். இந்தக் கப்பலுக்கு சர்ச் ஆட்களைக் கூட்டமாகக் கூட்டிப்போகிறவரும் அவர்தான். சாயங்காலத்துக்குள் பேர் வேண்டுமே என்று டேரிலைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். வண்டியை நிறுத்தினார். வழியில் கிடந்த பெஞ்சை ஒரே தாண்டாகத் தாண்டினார். விறுவிறுவென்று வந்தார்.

"என்ன மிஸ், ஸ்போர்ட்ஸ் டேயா?"

"வாங்க சார். உங்க குரூப்புல வீல்சேர்ல வர்றவங்க யாரு?"

"யாரு மிஸ்... ஆஸ்டின் டவுன் ஆளுங்க எல்லாம் நல்லா நடக்கறவங்க. அடுகோடிலருந்து ஒரு குடும்பம், அவங்களும் நடக்கறவங்கதான். நீங்க ரெண்டு பேர். அவ்வளவுதான்."

"வீல்சேர்னு சொல்லி அகலக் கதவு ரூம் ஒண்ணு உங்க ஆபீஸ் மூலமா போயிருக்காம். அது யாருக்கு?"

ராஜமாணிக்கம் மரத்தைப் பார்த்தார். கொயரைப் பார்த்தார். பிறகு சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். அவர் காது சிவந்து வருவது மரத்தடியிலிருந்தே தெரிந்தது.

"அது... நானும் என் ஒய்ஃபும், மிஸ்."

"உங்க வீல்சேர் எங்க சார்?" என்றாள் ஜோசஃபின்.

கொயர் வெடித்துச் சிரித்தது. சிந்தியா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராஜமாணிக்கம் அசடு வழிய நின்றார்.

"சத்தியமா தப்பா ஒண்ணும் நினைக்கல மிஸ். ஏர்போர்ட்ல எல்லாருக்கும் போடற மாதிரிதான் எனக்கும் போட்டேன். போட்டதும் பெரிய ரூம் காட்டுச்சு, அதே ரேட்டு. வலிக்கற முட்டிக்கு சாமி குடுத்த ரூமுன்னு எடுத்துக்கிட்டேன். இன்னொருத்தருக்கு அந்த ரூம் இல்லேன்னா கப்பலே இல்லன்னு எனக்கு யாரு சொன்னா? டேரில் தம்பியும் ஸ்கூட்டர்னு ஒரு வார்த்தை சொல்லல."

"நான் சொல்லல" என்று டேரில் ஒப்புக்கொண்டான். "வழக்கம் போலன்னுதான் சொன்னேன்."

"இப்ப சொல்லியாச்சு" என்றாள் ஜோசஃபின்.

ராஜமாணிக்கம் வேட்டைக்காரர் இல்லை, வியாபாரிதான். அவருடைய மகள் ஜோசஃபின் மிஸ்ஸிடம் ஓட்டப்பந்தயம் கற்றவள். செல்போனை எடுத்துவிட்டார். "என் ரூமை உங்களுக்கு மாத்திடறேன் மிஸ். இப்பவே மெயில் போடறேன். நான் எங்க தூங்கறதுன்னு மட்டும் சொல்லுங்க."

"எங்க பால்கனி ரூம் ஒண்ணு காலியாகுதே" என்றாள் குளோரியா. "கதவு சின்னது. நீங்க பெஞ்சே தாண்டறீங்க, கதவு தாண்ட மாட்டீங்களா?"

மெயில் போயிற்று. குளோரியா நேர் நம்பரில் கூப்பிட்டாள். ரக்ஷிதாவுக்கு சந்தோஷம். ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகமும் வந்துவிட்டது.

"இரண்டு ஸ்கூட்டரா மேடம்? ஒரே ரூமில்? பொதுவாக ஒன்றுதான் வரும். காரிடாரில் ஒன்றை விடவே முடியாது. இரண்டும் உள்ளே நிற்கும் என்று நீங்கள் உறுதியாகச் சொன்னால்தான் போட முடியும். படம் அனுப்புகிறேன், பாருங்கள்."

டேரில் தலையில் கை வைத்தான். "போச்சு."

"என்ன போச்சு?" டேரிலை இறக்கிவிட்டு ஜோசஃபின் ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள். "டின்ல பொடி போடு."

*

இப்போது கோடு போட்டது வெறும் மூன்று பேர் இல்லை. கொயரே இறங்கி வந்துவிட்டது. உச்சக்குரல் சோப்ரானோக்கள் நாற்காலி அடுக்கினார்கள், அடிக்குரல் பேஸ் ஆட்கள் பெஞ்சு தூக்கினார்கள். ராஜமாணிக்கம் தானாகவே டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். புது ரூம் பழையதைவிட அகலமாக விழுந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், வண்டி ஒரு சுற்றுத் திரும்ப ஒரு வட்டம்.

முதலில் குளோரியா நுழைந்தாள். கதவு இடிக்கவில்லை. ஆனால் ஓரமாக நிறுத்தியபோது அவள் ஸ்கூட்டருக்கு முன்னால் மாட்டியிருந்த கம்பிக்கூடை வட்டத்துக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. குடை, பிளாஸ்க், பைபிள், முறுக்கு டப்பா எல்லாம் அந்தக் கூடையில்தான்.

"கூடையைக் கழட்டு" என்றாள் ஜோசஃபின்.

"மாட்டேன். எங்கண்ணன் மாட்டிக் குடுத்தது."

"உங்கண்ணன் எனக்கும் புருஷன்தான். கழட்டு."

"அவர் போனதிலருந்து அதைக் கழட்டினதே இல்ல அண்ணி." தேன் குரல் எங்கோ போய்விட்டது. பாத்திரக் குரலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல்.

ஜோசஃபின் அந்தக் கூடையைப் பார்த்தாள். அவருக்காகத் தானும் அழுதிருக்கிறாள். ஆனால் நாத்தனார் அழுது அவள் பார்த்ததில்லை.

"சரி. தூக்கிப் போடச் சொல்லல. தூங்கற நேரத்துக்குக் கழட்டிக் கட்டிலுக்குக் கீழ வெச்சுக்குவோம். காலைல நானே மாட்டி விடறேன். அவரும் நம்மகூடக் கப்பல் ஏறட்டும். ஆயுசு பூரா ஏறணும்னு சொல்லிட்டே இருந்தாரே."

குளோரியா மூக்கை உறிஞ்சினாள். கொக்கியை நிமிண்டிக் கூடையை எடுத்தாள். முறுக்கு டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வா அண்ணி. பாக்கலாம்."

ஜோசஃபின் நேராக நுழையவில்லை. வாசலில் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸில் எடுத்தாள். பின்னால் பார்க்கவே இல்லை. அளவு அவள் மனதில் இருந்தது. அத்தனை வருஷம் கோடு போட்டவளுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று முதுகுக்கே தெரியும். கதவைத் தாண்டினாள். கட்டிலைத் தாண்டினாள். ஹேண்டிலை ஒரு வெட்டு வெட்டினாள். நீல ஸ்கூட்டர் சிவப்பு ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றது. நடுவில் கை நுழைகிற இடம் இருந்தது.

ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

ஜோசஃபின் கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினாள் பாருங்கள், ஒரு ஊது! வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்தது. டேரில் சின்னப் பையன் மாதிரி குதித்தான். சிந்தியா மாமியாரைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். ராஜமாணிக்கம் எல்லாரையும்விட சத்தமாகக் கைதட்டினார், அவருக்கும் ஒரு பாரம் இறங்கினதே.

"ரக்ஷிதா, கேட்டுச்சா?" என்றாள் குளோரியா போனில்.

"காது போச்சு மேடம்" என்றாள் ரக்ஷிதா. "ரூம் போட்டாச்சு. உங்கள் பேரில்."

*

சாயங்காலம் கப்பலிலிருந்து ஷெர்வின் வீடியோவில் வந்தான். கறுப்புக் கோட்டு, கழுத்தில் கிட்டார் பட்டை. கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"மம்மி, அண்ணன் நீ வரலன்னு சொன்னான்."

"உங்கண்ணன் சொன்னது போன வாரம். இன்னிக்கு வேற." ஜோசஃபின் ஒன்று விடாமல் சொன்னாள். கதவு, கோடு, விழுந்த பாத்ரூம் சுவர், பெஞ்சு தாண்டின ராஜமாணிக்கம். சொல்லி முடிக்கும்போது ஷெர்வின் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அவளும் துடைத்துக்கொண்டாள். குளோரியா மட்டும் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"முதல் வரிசைல உனக்கு இடம் போட்டு வெக்கறேன் மம்மி. நாற்காலிய எடுத்துடச் சொல்றேன், ஸ்கூட்டர்லயே உக்காந்து பாரு."

"பாக்கத்தானேடா இவ்வளவும்."

பின்னால் யாரோ ஷெர்வினைக் கூப்பிட்டார்கள், பெண் குரல். திரும்பிப் பார்த்து ஏதோ சைகை செய்தான். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது முகம் வேறு மாதிரி இருந்தது. சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அந்த முகம்.

"மம்மி... ஹார்பர்ல உன்னைக் கூட்டிட்டு வர ஒருத்தங்க நிப்பாங்க. பேரு இப்ப கேக்காத. அவங்களே உன்னைக் கப்பலுக்குள்ள தள்ளிட்டு வரணும்னு ஆசைப்படறாங்க."

குளோரியா கையில் இருந்த முறுக்கு அப்படியே நின்றது. ஜோசஃபின் மகனையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை அவள் முகத்தில் காட்டவில்லை. பி.டி. மிஸ் ஆயிற்றே.

"தாராளமா நிக்கட்டும்" என்றாள். "ஆனா தள்ள வேணாம்னு சொல்லு. கூட நடந்து வரட்டும்."